சுகோய் இறக்கையில் வெள்ளை மூட்டம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் விமான மாடல் கிட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான், டெக்கல், அதாவது தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து கழன்று மாடல் மேல் ஒட்டிக்கொள்கிற மெல்லிய அச்சுப் படலம். வெட்டி ஒட்டி, பெயின்ட் அடிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நன்றாகப் போகிறது, கடைசியில் அந்த விமானப்படை அடையாள வட்டமும் நம்பரும் பொடி எழுத்தும் ஒட்டுகிற இடத்தில் கவிழ்ந்துவிடுகிறார்கள். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவர்): சார், 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, சுகோய் போர் விமானம் கட்டினேன். கிரே மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் ஸ்பிரே அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகுதான் டெக்கல் ஒட்டினேன். ஈரமாக இருக்கும்போது அச்சு அசலாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக மூட்டம் போட்ட மாதிரி தெரிகிறது. கிட்டில் வந்த டெக்கல் மட்டமானதா?

பதில்: டெக்கல் மேல் பழி போடாதீர்கள், கோளாறு அதற்கு அடியில் இருக்கிறது. மேட் பெயின்ட் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரியலாம், ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்தச் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது பளபளப்பில்லாமல் தெரிகிறது. அதன் மேல் டெக்கலை வைத்தால் படலம் மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும், பள்ளங்களில் ஈரம் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தைக் காற்று பிடித்ததும் வெள்ளையடிக்க ஆரம்பிக்கும். மாடல் கட்டுகிறவர்கள் இதைச் சில்வரிங் என்பார்கள். மை உள்ள இடத்தில் அவ்வளவாகத் தெரியாது, எழுத்தைச் சுற்றி இருக்கிற நிறமில்லாத வெறும் படலத்தில்தான் பல்லை இளிக்கும். உங்களுக்கு எழுத்துகளைச் சுற்றி வந்ததும் அதனால்தான்.

அடுத்த கிட்டில் வரிசையை மாற்றுங்கள். முதலில் நிறம், அது முழுக்கக் காய்ந்த பிறகு அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் மெல்லிசாக இரண்டு மூன்று கோட், அதுவும் காய்ந்த பிறகு டெக்கல், டெக்கல் காய்ந்து துடைத்த பிறகு மறுபடி லேசாகப் பளபளப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் மேட் வார்னிஷ். போர் விமானம் பொம்மைக் கார் மாதிரி மின்னுகிறதே என்று நடுவில் ஒரு கட்டத்தில் மனசு பதறும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி மேட் கோட் விழுந்ததும் படலத்தின் விளிம்பும் மறைந்து, டெக்கல் பெயின்ட்டோடு பெயின்ட்டாகிவிடும். பளபளப்பு போதுமா என்று பார்க்க ஒரு வழி: இறக்கையைச் சாய்த்து டியூப்லைட்டுக்குக் காட்டுங்கள். விளக்கின் பிம்பம் ஓரம் கலையாமல் கோடாகத் தெரிந்தால் போதும், பஞ்சு மாதிரி பரவித் தெரிந்தால் இன்னொரு கோட் வேண்டும்.

இப்போது கையில் இருக்கிற சுகோயையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. மெல்லிய ஊசியால் மூட்டம் உள்ள இடத்தில் நாலைந்து துளை குத்துங்கள், கோடு கிழிக்காதீர்கள். மேலே டெக்கல் இளக்கித் திரவம் ஒரு சொட்டு, மைக்ரோ சால் மாதிரி ஏதாவது. அது துளை வழியே அடியில் இறங்கிப் படலத்தை இளக்கிப் பள்ளத்துக்குள் உட்கார வைக்கும். காய்ந்ததும் மிச்சம் இருந்தால் அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் ஒரு முழ தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிடும்.

கேள்வி (நாகப்பட்டினம், வாசகர்): பளபளப்பு கோட் அடித்துத்தான் ஒட்டுகிறேன், சில்வரிங் இல்லை. ஆனால் டெக்கலைச் சுற்றி வளையம் வளையமாக வெள்ளைக் கறை, சில இடத்தில் பழுப்பாகவும் இருக்கிறது. துடைத்தால் பாதி போகிறது, பாதி போவதில்லை.

பதில்: ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. கடலோரத்து போர்வெல் தண்ணீரிலா டெக்கலை நனைக்கிறீர்கள்? வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் இறக்கையிலும் படிகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? படலத்துக்கு வெளியே படிந்தது துடைத்தால் போகும், அடியில் மாட்டிக்கொண்டது போகாது.

பெட்ரோல் பங்க்கிலோ பேட்டரி கடையிலோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை, ஒரு பாட்டில் பல கிட்டுக்கு வரும். கடையில் தண்ணீர் என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள், பேட்டரி ஆசிட் வேறு, அதுவும் அதே அலமாரியில் இருக்கும். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தத் தண்ணீரும் பரவாயில்லை. உள் டெல்டாவில் ஆற்றுத் தண்ணீர் குழாய் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் நான் டிஸ்டில்டு வாட்டர்தான் சொல்வேன்.

பழுப்புக் கறை வேறு கதை. டெக்கல் தாளுக்கும் படலத்துக்கும் நடுவில் இருப்பது தண்ணீரில் கரைகிற பசை. அது அளவுக்கு மேல் சுற்றிலும் வழிந்து காய்ந்தால் பழுப்பாகத் தெரியும், மேல் வார்னிஷ் விழுந்த பிறகு அதை எடுக்கவே முடியாது. மறுநாள், டெக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீரையும் அவ்வப்போது மாற்றுங்கள், பத்து இருபது டெக்கல் நனைந்த தண்ணீர் கஞ்சி மாதிரிதான் இருக்கும்.

கேள்வி (திருவையாறு, ஒன்பதாம் வகுப்பு): அண்ணா, வெந்நீரில் நனைத்தால் சீக்கிரம் கழன்று வருமா? டெக்கலுக்கு என்று விற்கிற திரவம் எல்லாம் விலை அதிகமாக இருக்கிறது, வினிகர் போதும் என்று நண்பன் சொல்கிறான். டெக்கல் ஒட்டாமல் வந்தால் ஃபெவிகால் தடவலாமா?

பதில்: தம்பி, கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும், கொதிநீர் வேண்டாம். முதலில் ஒரு டெக்கலை மட்டும் தாளிலிருந்து வெட்டி, இடுக்கியால் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடு. தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுக்கக் கரைந்து போய்விடும். எடுத்ததை ஈரத் துணி மேல் ஒரு நிமிஷம் வை, தாள் பின்பக்கமாகவே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். விரலால் மெதுவாகத் தள்ளிப் பார், நகர்ந்தால் தயார். அதன் பிறகு தாளோடு கொண்டுபோய் இறக்கையில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, நனைத்த தூரிகையால் படலத்தைத் தாளிலிருந்து இறக்கைக்குத் தள்ளு. பபிள்கம் பாக்கெட்டில் வருகிற தண்ணி டாட்டூ மாதிரிதான், ஒரே வித்தியாசம், அதைக் கவிழ்த்து அமுக்குவோம், இது படம் மேல்பக்கம் இருக்கும்படியே வழுக்கி இறங்க வேண்டும். கவிழ்த்து ஒட்டப் பார்த்து நம்பரை இடவலமாக மாற்றினவர்கள் ஏராளம்.

நண்பன் சொன்னது சரிதான். ஒட்டும் முன்பு அடியில் தடவுகிற திரவங்களில் பலவற்றைத் திறந்தாலே வினிகர் வாடைதான் வரும். மளிகைக்கடை வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முதலில் வேண்டாத ஒரு டெக்கலில் சோதித்துப் பார். ஆனால் படலத்தை இளக்கி மேடு பள்ளத்தில் படிய வைக்கிற வேலையை வினிகர் அவ்வளவாகச் செய்யாது, அதற்கு இளக்கித் திரவம்தான். ஃபெவிகால் அவசரத்துக்கு ஆகும், பசை கழுவிப்போன டெக்கலுக்கு மட்டும். ஒரு சொட்டில் பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, மெல்லிசாக. அப்படியே பிதுக்கித் தடவினால் அடியில் மேடு தட்டும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, வாசகர்): மைக்ரோ சால் விட்ட இரண்டு நிமிஷத்தில் பெரிய வட்டம் ஒன்று சுருக்கம் சுருக்கமாகிவிட்டது. பயந்துபோய் விரலால் நீவினேன், கிழிந்து கையோடு வந்துவிட்டது. அந்தத் திரவம் கெட்டுப்போனதா?

பதில்: கெட்டுப்போகவில்லை, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள்தான் நடுவில் புகுந்துவிட்டீர்கள். அந்தத் திரவம் படலத்தைக் கிட்டத்தட்டக் கரைகிற நிலைக்குக் கொண்டுபோகிறது. அந்த நேரத்தில் அது ஈரத் தாளைவிட மோசமாக, தொட்டால் கிழிகிற பக்குவத்தில் இருக்கும். சுருங்கும், நெளியும், பார்க்கவே பகீர் என்று இருக்கும். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். காயக் காயத் தானாக இழுத்துக்கொண்டு, தகடுகளுக்கு நடுவே ஓடும் கோட்டுக்குள்ளும் ஆணித் தலை மேலும் தோல் மாதிரி படிந்துவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. இறக்கையில் முதலில் ஒட்டுவதற்கான திரவத்தைத் தடவி ஈரமாக்குங்கள், மைக்ரோ செட் அல்லது மிஸ்டர் மார்க் செட்டர் எதுவானாலும் சரி. டெக்கலை அதன் மேல் இறக்கி, ஈரம் இருக்கும்போதே நகர்த்தி இடம் சரிசெய்யுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து உருட்டித் தண்ணீரையும் காற்றையும் வெளியே தள்ளுங்கள், குச்சியைத் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து, இடம் உறுதியான பிறகுதான் மேலே இளக்கி. அதன் பிறகு கை வைக்கவே கூடாது. எல்லா டெக்கலுக்கும் ஒரே வீரியம் ஆகாது. டமியா நிறுவனத்து டெக்கல்கள் கொஞ்சம் தடிமன், சாதாரண இளக்கிக்கு அசைய மாட்டா. இத்தாலியில் கார்ட்டோகிராஃப் அச்சடிக்கிற மெல்லிய டெக்கலில் மிஸ்டர் மார்க் சாஃப்டர் மாதிரி வீரியமானதைத் தாராளமாக ஊற்றினால் சுருக்கம் திரும்பாமலே போகலாம். தாள் ஓரத்தில் கிட் பெயரோ நிறுவனப் பெயரோ அச்சடித்திருப்பார்கள், சோதனைக்கு அதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். டெக்கலை நகர்த்துவதற்குள் அடியில் ஈரம் போய்விடும், காற்றில் ஓரம் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி மடிந்துவிட்டால் விரலால் பிரிக்க வேண்டாம், தூரிகையால் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருங்கள், மிதக்கிற நிலை வந்ததும் தானே விரியும்.

கேள்வி (திருவாரூர், ஒரு தாய்): என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு விமான கிட் வாங்கி வந்து வருஷக்கணக்கில் பரணில் கிடந்தது. இப்போது என் பையன் அதைக் கட்டுகிறான். ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகிவிட்டது. ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைந்துவிட்டது. அழுகிறான். வேறு வாங்க முடியுமா?

பதில்: வாங்க முடியும் அம்மா, பிரபலமான விமானங்களுக்கு டெக்கல் மட்டும் தனித் தாளாகவே விற்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பு இருப்பதைக் காப்பாற்றிப் பார்க்கலாம். தண்ணீரில் போட்ட ஒன்று போகட்டும், மிச்சத்தைப் பையனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளுக்கு வைத்தியம் வெயில். தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அச்சடித்த பக்கம் வெளியே பார்க்க, வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவையுங்கள். படலத்தில் ஏறிய மஞ்சள் நாளடைவில் வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தினமும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், மஞ்சள் போனதும் எடுத்துவிட வேண்டும், விட்டால் சிவப்பும் நீலமும் சேர்ந்து வெளுக்க ஆரம்பிக்கும்.

உடைவதற்குக் காரணம் படலம் வறண்டு போயிருப்பது. அதன் மேல் புதிதாக ஒரு படலம் பூசிவிட்டால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோஸ்கேல் நிறுவனம் இதற்கென்றே லிக்விட் டெக்கல் ஃபிலிம் என்று ஒரு திரவம் விற்கிறது, கிடைக்காவிட்டால் கிளியர் லாக்கர் ஸ்பிரே மெல்லிசாக இரண்டு தடவை. முழுக்கக் காய்ந்த பிறகு ஒவ்வொரு படத்தையும் ஒட்டினாற்போல் தனித்தனியாக வெட்டுங்கள், ஏனென்றால் இப்போது தாள் முழுக்க ஒரே படலம், வெட்டிய அளவுக்குத்தான் பிரியும். புது ப்ளேடு என்பதால் வெட்டுகிற வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டுகிறது பையன் செய்யட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டிவிட வேண்டும் என்று நிற்பான். ஒரு பக்கம் ஒட்டிக் காய்ந்த பிறகுதான் மறுபக்கம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், திருப்பிப் பிடிக்கும்போது ஈர டெக்கல் விரலோடு வருவதுதான் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பது.

கேள்வி (வல்லம், ஓய்வுபெற்றவர்): கை லேசாக நடுங்குகிறது. பெரியது பரவாயில்லை, நூற்றுக்கு மேல் இருக்கிற பொடி எழுத்துகளை எல்லாம் ஒட்டியே ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயமே இல்லை. நிஜ விமானத்தில் 5 சென்டிமீட்டர் உயர எழுத்து 1/72-இல் 1 மில்லிமீட்டர்கூட வராது. விமானி இருக்கைக்குப் பக்கத்துச் சிவப்பு முக்கோணம், காற்று உள்ளிழுக்கும் வாய்க்குப் பக்கத்து எச்சரிக்கை, இந்த மாதிரி கண் போகிற இடங்களில் சிலதை ஒட்டுங்கள், விமானத்தின் அடிவயிற்றை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு, இடுக்கிக்குப் பதில் ஈரத் தூரிகை நுனியால் தொட்டு எடுங்கள். இறக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன் மேல் விட்டால் டெக்கல் மிதக்கும், மெதுவாகத் தள்ளிக்கொள்ளலாம். தண்ணீர் இருக்கிறவரை நடுக்கம் ஒரு பொருட்டில்லை.

கேள்வி (பட்டுக்கோட்டை, வாசகர்): நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோயைக் கட்ட ஆசை. எந்த கிட் வாங்குவது? இந்திய வட்டம் கிட்டில் வருவதில்லையே, வீட்டுப் பிரிண்டரில் அடிக்கலாமா? காவி உள்ளேயா வெளியேயா?

பதில்: தஞ்சாவூரில் இருப்பது 222-ஆவது படைப்பிரிவு, டைகர்ஷார்க்ஸ். பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு 2020 ஜனவரி 20 அன்று இங்கே நிலைகொண்டது. கடையில் சுகோய்-30 என்று போட்டிருப்பதை எல்லாம் வாங்கிவிடாதீர்கள். எம்கேகே என்று இருந்தால் அது சீனாவுக்குச் செய்தது, விமானி அறைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன முன் இறக்கைகள் அதில் கிடையாது, டெக்கலை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் நம் விமானம் ஆகாது. ரஷ்யாவின் எஸ்எம் வகை நம் எம்கேஐயிலிருந்து வந்தது, முன் இறக்கைகள் உண்டு. ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/72 சுகோய்-30 எஸ்எம் கிட்டை வாங்கி, சில்லறை வித்தியாசங்களைப் படத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம். நிஜ விமானத்தின் நீளம் சுமார் 22 மீட்டர், மாடல் 30 சென்டிமீட்டருக்கு வரும், அலமாரியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தில் காவி வெளியே, வெள்ளை நடுவில், பச்சை மையத்தில். இது 1950-இலிருந்து. அதற்கு முன்பு, சுதந்திரம் வந்த புதிதில் அசோகச் சக்கரம் போட்ட வட்டம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் பறந்த ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் கட்டுகிறீர்கள் என்றால் வட்டத்தில் சிவப்பே வரக்கூடாது, ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 கட்டுகிறவர்களும் எந்த வருஷத்து விமானம் என்று முடிவு செய்துகொண்டு, அந்த வருஷத்துப் படத்தைப் பார்த்து ஒட்டுவதுதான் நல்லது. அதற்காகப் புதுக்கோட்டை சாலையில் தளத்து மதில் ஓரம் நின்று கேமராவைத் தூக்கிவிடாதீர்கள், விமானப்படையே வெளியிட்ட படங்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன.

வீட்டில் அடிக்கலாம், ஆனால் இன்க்ஜெட் பிரிண்டர் வெள்ளை அடிக்காது, வெள்ளை என்று அது விடுகிற இடம் வெறும் தாள். நிறமில்லாத டெக்கல் தாளில் வட்டத்தை அடித்துக் கிரே இறக்கையில் ஒட்டினால் வெள்ளை வளையம் கிரே வளையமாகிவிடும், காவியும் பச்சையும்கூட மங்கி நிற்கும். ஆகவே வட்டத்துக்கு வெள்ளை டெக்கல் தாள், ஓரத்தை ஒட்டி வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு நம்பருக்கு நிறமில்லாத தாள் போதும். அடித்ததும் மை காய்ந்த பிறகு கிளியர் ஸ்பிரே பூசாமல் தண்ணீரில் போட்டால் மை கலைந்து ஓடிவிடும்.

கேள்வி (மயிலாடுதுறை, வாசகர்): ஐப்பசி மழையில் டெக்கல் எல்லாம் நன்றாக ஒட்டி முடித்து, கடைசியாக லாக்கர் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். விமானம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. இதுவும் சில்வரிங்கா?

பதில்: இல்லை, இது காற்றில் இருக்கிற ஈரத்தின் வேலை. லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப் போகிறது, அடைமழைக் காற்றில் உள்ள ஈரம் அந்தச் சில்லிப்பில் நீராகப் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. டெக்கலுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்திருப்பதே அடையாளம். சுரண்ட வேண்டாம், டெக்கல் பத்திரமாகத்தான் இருக்கிறது. மழைவிட்டு இரண்டு நாள் வெயில் அடித்த ஒரு மதியத்தில், மெதுவாகக் காய வைக்கிற ரிடார்டர் தின்னர் கலந்து அதே லாக்கரை மிக லேசாக ஒரு தூவல் அடியுங்கள், மேல் பூச்சு இளகி மாட்டிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஈரமாக வழிகிற அளவுக்கு அடித்தால் தின்னர் டெக்கலைக் கடித்துவிடும், அதனால் தூவல்தான். கார்த்திகை முடிகிறவரை காத்திருக்க முடியாது என்றால், இந்த இரண்டு மாதமும் லாக்கர் டப்பாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் மேட் வார்னிஷை அகலத் தூரிகையால் பூசுங்கள்.